பதினாறு எழுத்தைக் கையில் கொடுங்கள், தமிழைத் தமிழாகவே ஏற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் காலை 10 மணியிலிருந்து குமாஸ்தாக்களின் காதில் ஓயாமல் விழும் கேள்வி, "அண்ணாச்சி, நமக்கு அடுத்த வாய்தா என்னைக்கு?" என்பதுதான். திசையன்விளையிலிருந்தும் மானூரிலிருந்தும் இதைக் கேட்பதற்கென்றே பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலி. அவர் கேட்க வந்த தேதியோ முந்தைய வாய்தா முடிந்த கையோடு இணையத்தில் ஏறிவிட்டது. பார்க்கக் கட்டணம் இல்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனாலும் அது அவர் கைக்கு வந்து சேரவில்லை.

நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-ல் தொடங்கியது. இப்போது நடப்பது மூன்றாம் கட்டம். அதற்கு மட்டும் ரூ.7,210 கோடி ஒதுக்க ஒன்றிய அமைச்சரவை 2023 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. இயந்திரங்கள் வந்துவிட்டன, பணமும் வருகிறது. கடைசி இரண்டு அடிதான் இன்னும் கடக்கப்படவில்லை. முதலாவது, வழக்கின் எண்ணை வழக்காடி கையில் கொடுப்பது. இரண்டாவது, தமிழில் எழுதிய தீர்ப்பைத் தேடவும் படிக்கவும் கேட்கவும் முடிகிற தமிழாக ஏற்றுவது. இரண்டுக்கும் புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை.

முதலில் எண். நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்ற தனி அடையாளம் உண்டு. எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 16. முதல் இரண்டு எழுத்து மாநிலத்தையும், அடுத்த இரண்டு மாவட்டத்தையும், அதற்கடுத்த இரண்டு நீதிமன்றப் பிரிவையும் குறிக்கும். பிறகு 6 இலக்க வரிசை எண், கடைசியில் 4 இலக்க ஆண்டு. இடையில் கோடும் கூடாது, இடைவெளியும் கூடாது. ஓ என்ற ஆங்கில எழுத்துக்கும் பூஜ்யத்துக்கும் குழம்பித் தவறாகத் தட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஐந்தாம் இடத்திலிருந்து கடைசி வரை பெரும்பாலும் இலக்கங்களே வரும் என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு நேராது.

ஊரில் எல்லோரும் சொல்வது "ஓ.எஸ். 112, 2016" என்ற பழைய வகை எண்ணைத்தான் (ஓ.எஸ். என்றால் சிவில் மூல வழக்கு). அம்பாசமுத்திரத்தில் ஒரு 112/2016 இருக்கும், நாங்குநேரியில் இன்னொன்று இருக்கும். ஒரே வளாகத்தில் சார்பு நீதிமன்றத்தில் ஒன்றும் முன்சீப் நீதிமன்றத்தில் ஒன்றும் இருக்கலாம். சி.என்.ஆர். மட்டுமே இரண்டாவது வழக்குக்குப் போகாத எண். ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்முறையீடு போனால் அதற்குப் புது எண் வரும். தீர்ப்பை நிறைவேற்றப் போடும் இ.பி. மனுவுக்கும் தனி எண் உண்டு. மூல வழக்கின் எண்ணைத் தட்டிவிட்டு, "முடிஞ்சுபோச்சுன்னு காட்டுதே, இ.பி. என்ன ஆச்சு?" என்று பதறுவது இதனால்தான்.

இந்த 16 எழுத்து கையில் இருந்தால் ஸ்மார்ட் போன்கூட வேண்டியதில்லை. பட்டன் போனிலிருந்து குறுஞ்செய்தி போதும். இ, சி, ஓ, யு, ஆர், டி, எஸ் என்ற ஏழு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாகத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சி.என்.ஆர். எண்ணைத் தட்டி 9766899899 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். வழக்கின் நிலை பதிலாக வரும். ஸ்மார்ட் போன் வைத்திருப்பவர்கள் இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியில் எண்ணைத் தட்டிப் பார்த்து, "என் வழக்குகள்" என்ற பகுதியில் சேமித்துக்கொள்ளலாம். அந்தப் பட்டியல் போனுக்குள் மட்டுமே இருக்கும். போன் தொலைந்தால் பட்டியலும் போய்விடும். ஆகவே செயலியிலுள்ள ஏற்றுமதி வசதியால் பட்டியலைக் கோப்பாக எடுத்து வேறோர் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தாராவியிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் நெல்லைப் பிள்ளைகள், ஊரிலிருக்கும் அப்பா அம்மாவின் வழக்கை அங்கிருந்தே பார்த்துச் சொல்ல இதைவிட எளிய வழி கிடையாது.

எண் இல்லாதவர் என்ன செய்வார்? பெயரைப் போட்டுத் தேடுவார். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். பெயர்கள் ஆங்கிலத்தில் பதிவாகியிருக்கின்றன. நம் பக்கத்துப் பெயர்களோ ஆங்கில எழுத்துக்கு அடங்காதவை. இசக்கியம்மாள் என்பதை ஒருவர் ஐ போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் ஈ போட்டுத் தொடங்குவார். எஸ் ஒன்றா இரண்டா என்பது தட்டச்சு செய்தவரைப் பொறுத்தது. பேச்சிமுத்துவின் "பேச்சி"யில் சி, எச் எழுத்துகளுக்கு முன்னால் ஒரு டி சேர்ப்பது இங்கே பரவலான வழக்கம், சேர்க்காதவர்களும் உண்டு. சுடலைக்குத் தொடக்கத்தில் எஸ் வரும், அல்லது சி, எச் வரும். மாடசாமியின் "சாமி" ஒய்-யில் முடியும், ஐ-யில் முடியும், நடுவே டபிள்யூ நுழைந்து ஸ்வாமியாகவும் ஆகும். கோமதிக்கு ஜி-யா கே-யா என்பதில் ஆதார் அட்டைக்கும் ரேஷன் அட்டைக்குமே ஒற்றுமை இல்லை. முப்புடாதி, முப்பிடாதி என்று தமிழிலேயே இரண்டு வடிவம் இருக்கிற பெயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படி ஒரே எழுத்து மாறியதால் "பதிவு எதுவும் இல்லை" என்று திரை சொல்ல, வழக்கே இல்லை என்று நம்பி வீட்டில் இருந்துவிடுகிறவர் மீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடுகிறது.

அதனால் பெயரை வைத்துத் தேடுகிறவர்கள் இந்த வரிசையில் போவது பலன் தரும். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகிய மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வள்ளியூர் வழக்கைப் பாளையங்கோட்டை வளாகத்தில் தேடினால் வராது. தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். சங்கரன்கோவில், ஆலங்குளம், செங்கோட்டைப் பக்கத்துப் பழைய வழக்கு என்றால் திருநெல்வேலி, தென்காசி இரண்டு மாவட்டங்களிலும் தேடிப் பார்க்க வேண்டும். அடுத்தது ஆண்டு. தகராறு தொடங்கிய ஆண்டு வேண்டாம், வழக்கு பதிவான ஆண்டைத்தான் போட வேண்டும். டிசம்பரில் தாக்கலான வழக்கு ஜனவரியில் நம்பர் ஆகியிருக்கும், எனவே அடுத்த ஆண்டையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிலுவை, முடிந்தவை, இரண்டும் என்று மூன்று தெரிவுகள் இருக்கும். அதில் "இரண்டும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். முழுப் பெயரையும் தலைப்பெழுத்தையும் தட்டாதீர்கள். குறைந்தது 3 எழுத்து போட்டால் போதும், எழுத்துக்கூட்டல் மாற வாய்ப்பில்லாத பகுதியை மட்டும் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் எதிர்த்தரப்பின் பெயரில் தேடுங்கள், அதற்கடுத்து வழக்கறிஞர் பெயரில். குற்ற வழக்கென்றால் இவ்வளவு அலைச்சல் இல்லை. காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை எண், ஆண்டு ஆகிய மூன்றையும் கொடுத்தால் வழக்கு வந்துவிடும்.

இவ்வளவு பாடும் ஓர் எண் கையில் இல்லாததால்தான். ஆகவே எங்கள் முதல் கோரிக்கை மிகச் சிறியது. சம்மனிலும், வழக்கறிஞர் அலுவலகம் கொடுக்கும் வாய்தாச் சீட்டிலும், சிறையிலிருப்பவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் தகவலிலும் சி.என்.ஆர். எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கணினியில் ஏற்கெனவே இருக்கிற எண்தானே அது. கூடவே, பெயரை ஆங்கிலத்தில் பதியும்போது தமிழிலும் பதிந்து, தமிழில் தேடவும் வழிசெய்ய வேண்டும். தமிழில் இசக்கிக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான்.

திரையில் வழக்கு வந்த பிறகும் அதைப் படிக்கத் தெரிய வேண்டும். "டிஸ்போஸ்டு" என்று இருந்தால் வழக்கு முடிந்துவிட்டது என்று மட்டுமே பொருள். ஜெயித்ததா தோற்றதா என்பதை அந்தச் சொல் சொல்லாது, அதன் பக்கத்தில் முடிந்த விதம் இருக்கும். "டிஸ்மிஸ்டு" என்றால் தள்ளுபடி. "டிஸ்மிஸ்டு ஃபார் டிஃபால்ட்" என்றால் ஆள் வராததால் தள்ளுபடியாகியிருக்கிறது, அதை மீட்க மனுப் போடலாம். "அலவ்டு" என்றால் கேட்டது கிடைத்திருக்கிறது. "ஸ்டெப்ஸ்" என்றால் சம்மன் அனுப்புவது போன்று நம் தரப்பில் ஏதோ செய்யாமல் நிற்கிறது. வாய்தா வாய்தாவாக இந்தச் சொல்லே திரும்பத் திரும்ப வந்தால், தாமதம் நீதிமன்றத்தால் வந்ததா என்று வழக்கறிஞரிடம் கேட்டே ஆக வேண்டும். தேதிகளின் பட்டியலில் "பிசினஸ்" என்ற தலைப்பின் கீழே உள்ள தேதியைத் தொட்டால் அன்றைக்கு நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்ற குறிப்பு திறக்கும். பல ஆண்டுகளாகச் செயலி வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்த இடம் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தேதியை ஏற்றுவது மனிதர்கள். பதிவாக மாலையோ மறுநாளோ ஆகலாம். நீதிபதி விடுப்பில் போனாலும், திடீர் விடுமுறை விட்டாலும் தேதி மாறும். குற்ற வழக்கில் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) இருப்பவர் செயலியை மட்டும் நம்பி வராமல் போனால் பிடிவாரண்டு பிறக்கும். முந்தின நாள் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய பள்ளம் நாள் கணக்கில் இருக்கிறது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள். அந்த 30 நாள் தீர்ப்பு நாளிலிருந்து ஓடும். சம்மன் முறையாகக் கைக்கு வந்து சேராதவருக்கு மட்டும் அவர் அறிந்த நாளிலிருந்து கணக்கு. சிவில் வழக்கில் மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் வைத்திருக்கும் எல்லை இது. இணையத்தில் தீர்ப்பு ஏறக் காத்திருந்து நாளை விட்டவர்கள் உண்டு. இறக்கிய கோப்பே போதும் என்று நகல் மனுப் போடாமல் இருந்தவர்களும் உண்டு. இணையத்தில் இருப்பது படித்துத் தெரிந்துகொள்ள மட்டுமே. மேல்முறையீட்டுக்கு நீதிமன்ற முத்திரையிட்ட சான்றிட்ட நகல் வேண்டும். நகல் மனுப் போட்ட நாளிலிருந்து நகல் தயாராகும் நாள் வரை ஆகும் காலத்தை, அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு கழித்துக் கொடுக்கிறது. அந்த நாள்களெல்லாம் நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மனுவே போடாதவருக்குக் கழிக்க எதுவும் இல்லை. தீர்ப்பு சொன்ன அன்றைக்கோ மறுநாளோ நகல் மனுப் போட்டுவிடுவதுதான் சரி.

இப்போது தமிழுக்கு வருவோம். எங்களை அதிகம் வருத்துவது இதுதான். 1956-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ல் சேர்த்த திருத்தம் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் சாட்சியம் பதியவும் தீர்ப்பு எழுதவும் வழி தந்தது. குளத்துப் பங்கு, மடைத் தகராறு, பனங்காட்டுப் பாதை, ஜீவனாம்சம் என்று நம் மக்களின் வாழ்க்கை நேரடியாகத் தமிழில் எழுதப்படுகிற இடம் அது. அந்தத் தமிழ் இணையத்துக்குப் போகும்போது ஊமையாகிவிடுகிறது.

காரணம் இரண்டு. ஒன்று, தட்டச்சு செய்து, அச்சிட்டு, கையெழுத்திட்டு, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுவது. அப்போது அது வெறும் படம். இன்னொன்று, வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். இவற்றில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் குறியீடு. அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் விழும். தேடுபொறி அதைத் தமிழாகப் பார்க்காது. பார்வையற்றவரின் போனிலுள்ள திரைவாசிப்பான் அதைத் தமிழாகப் படிக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் ஒரு முதியவர், போனை வாசிக்கச் சொல்லித் தன் தீர்ப்பைத் தானே கேட்க முடியும் காலம் இது. எழுத்துரு ஒன்று அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது.

தமிழ் எழுத்தைத் தமிழ்க் குறியீடாகவே சேமிக்கும் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ்நாடு அரசு 2010-லேயே தமிழுக்கான தரமாக அறிவித்துவிட்டது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடில் தட்டச்சு செய்வது, அந்த ஆவணத்திலிருந்தே நேராக பி.டி.எஃப். எடுப்பது, கையெழுத்துக்கு மின்கையொப்பம் இடுவது. நடுவில் தாளும் ஸ்கேனரும் வேண்டாம். மின்கையொப்பம் இல்லாத இடத்தில், கையெழுத்துள்ள ஸ்கேனோடு எழுத்து வடிவக் கோப்பையும் சேர்த்து ஏற்றலாம்.

பழைய கோப்புகளை மாற்றும்போது எங்கே கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம், செய்ய முனைவோருக்கு உதவும். பழைய எழுத்துருக்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் அவை பின்னால் வர வேண்டும். மோசமான மாற்றியில் போட்டால் கொம்பு முந்தைய எழுத்தின் மேல் ஏறிவிடும். அதைவிட ஆபத்து, தமிழுக்கு நடுவே உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருக்கும் சொற்கள். முழு ஆவணத்தையும் ஒரே வீச்சில் மாற்றினால் சான்றாவணக் குறிகளும் ஆங்கிலப் பெயர்களும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். எழுத்துரு எது என்று பார்த்துப் பார்த்து, துண்டு துண்டாக மாற்ற வேண்டும். ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பதென்றால் 300 டி.பி.ஐ. அளவில், தாள் சாயாமல் ஸ்கேன் செய்திருக்க வேண்டும். அப்படியும் துணைக்காலையும் ரகரத்தையும் இயந்திரம் மாற்றிப் படிக்கும், ளகரத்திலும் னகரத்திலும் தடுமாறும். சொல் தவறினால் வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். சர்வே எண்ணில் 3-ம் 8-ம் மாறினால் நிலமே மாறிவிடும். எனவே எண், தேதி, தொகை ஆகிய மூன்றையும் ஒரு மனிதர் மூலத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-ஆவது பிரிவு, அரசு அமைப்புகள் தாமாக வெளியிடும் தகவலை உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு பரப்ப வேண்டும் என்கிறது. தேட முடியாத படத்தை ஏற்றுவது அதன் நோக்கத்தை நிறைவேற்றாது.

உயர் நீதிமன்ற வழக்குகளுக்குத் தனி இணையப் பக்கம் உண்டு. அங்கே மாநிலத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு அமர்வு கேட்கும். நம் வழக்குகள் மதுரைக் கிளையில் இருக்க, சென்னை முதன்மை அமர்வைத் தேர்ந்தெடுத்துவிட்டு வரவில்லை என்று திரும்புவது வழக்கமான தவறு. எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் எம்.டி. என்று இருந்தால் அது மதுரை. கிளை 2004 ஜூலை 24-ல்தான் தொடங்கியது, அதற்கு முந்தைய வழக்குகளில் அந்தக் குறி இருக்காது. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டு 2023 ஜனவரி முதல் இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. தேர்ந்தெடுத்த தீர்ப்புகளின் தமிழாக்கமும் உண்டு. தமிழாக்கம் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, நடைமுறைக்கு ஆங்கில மூலமே செல்லும் என்ற குறிப்பு அதிலேயே இருக்கும். அதை மதிக்க வேண்டும். போனிலுள்ள பொது மொழிபெயர்ப்பியில் தீர்ப்பைப் போட்டுப் படிப்பது இன்னும் ஆபத்து. தண்டனையைக் குறிக்கும் "சென்டென்ஸ்" அதில் வாக்கியமாகிவிடலாம், வழக்குத் தரப்பைக் குறிக்கும் "பார்ட்டி" கட்சியாகிவிடலாம்.

சட்டத்தின் வாசகத்துக்கு இந்தியா கோடு என்ற அரசுத் தளம் இருக்கிறது. பிரிவு பிரிவாகப் படிக்கலாம். ஆனால் கிடைத்த பிரிவே கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்பதையே எடுத்துக்கொள்வோம். ஒன்றியச் சட்டத்தைப் படிப்பவருக்கு 2005 செப்டம்பர் 9 என்ற தேதிதான் தெரியும். தமிழ்நாடு அதற்கு முன்பே, 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குத் திருமணமாகாதிருந்த மகள்களுக்குப் பங்குரிமை தந்துவிட்டது. அது மாநிலத் திருத்தம், தனியே தேடினால்தான் தெரியும். அடுத்து, தேடுபொறியில் 2015-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வரும். 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடிருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று அது சொல்லும். அதைப் படித்துவிட்டு உரிமையையே கைவிட்டவர்கள் இருக்கலாம். 2020 ஆகஸ்ட் 11-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கருத்தைத் தவறென்று தள்ளிவிட்டது. பழைய தீர்ப்பு இணையத்தில் அப்படியே இருக்கும், அதன் நெற்றியில் ரத்தானது என்று எழுதியிருக்காது. ஆகவே எந்தத் தீர்ப்பைப் படித்தாலும், பின்னால் வந்த தீர்ப்புகள் அதைப் பற்றி என்ன சொல்லியிருக்கின்றன என்று ஒருமுறை தேடிவிட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருப்பதால் பிரிவு எண்களும் மாறிவிட்டன. மோசடிக்கு 420 என்பது இப்போது 318, ஜீவனாம்சத்துக்குக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 125 என்பது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144. பழைய தீர்ப்புகளைத் தேடப் பழைய எண், புதிய வழக்கைப் படிக்கப் புதிய எண், இரண்டும் தெரிய வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் சட்டம் கேட்பது பெருகியிருக்கிறது. அது இல்லாத தீர்ப்பைப் பெயர், ஆண்டு, பக்க எண்ணோடு உண்டாக்கித் தரும். 2023-ல் நியூயார்க்கில் அப்படி வந்த போலித் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அது சொல்லும் எந்தத் தீர்ப்பையும் அரசுத் தளத்தில் எடுத்துக் கண்ணால் பார்க்கும் வரை நம்ப வேண்டாம்.

முதல் தகவல் அறிக்கையைப் பற்றியும் சுருக்கமாக. பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல் துறைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. இணைய வசதி குறைந்த இடங்களில் 72 மணி நேரம் வரை நீட்டலாம். பாலியல் குற்றம், போக்சோ போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, அவை தளத்தில் இல்லாதது குறையல்ல. அந்த விலக்கு தீர்ப்புகளுக்கும் வேண்டும். குழந்தையின் பெயரையோ பாதிக்கப்பட்ட பெண்ணின் ஊரையோ மறைக்காமல் ஏற்றப்பட்ட ஒரு தாள், தேடுபொறியில் ஆயுள் முழுக்க அவர்களைத் துரத்தும். எழுத்து வடிவில் ஏற்றச் சொல்கிற நாங்களே, ஏற்றும் முன் பெயரை நீக்கியதை ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்கிறோம். படத்தில் தெரியாமல் கிடந்த பெயரைத் தேடல் வசதி வெளியே கொண்டுவந்துவிடும்.

நீதிமன்றத் தளம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளையும் செயலிகளையும் திறக்காதீர்கள். அரசுத் தளங்களின் முகவரி ஜி.ஓ.வி. புள்ளி இன் என்று முடியும். "டிஜிட்டல் கைது" என்று சட்டத்தில் எதுவும் இல்லை. உங்கள் மேல் வழக்கு இருப்பதாக யாராவது மிரட்டினால் சி.என்.ஆர். எண்ணைக் கேளுங்கள், வாங்கித் தட்டிப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இணையம் வராத கைக்கு ஆள் உதவி வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி தருவது 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. அதற்கான எண் 15100. நீதிமன்ற வளாகங்களில் இதற்கென்று சேவை மையமும் உண்டு. ஆனால் அரசு இ-சேவை மையத்துக்கும் நீதிமன்ற இ-சேவை மையத்துக்கும் பெயர் ஒன்றுபோல இருப்பதால், பட்டா கேட்டு அங்கேயும் வாய்தா கேட்டு இங்கேயும் மக்கள் மாறி மாறி அலைகிறார்கள். வாசலில் "இங்கே வழக்கு நிலை பார்த்துச் சொல்லப்படும்" என்று தமிழில் ஒரு பலகை வைத்தால் பாதி அலைச்சல் குறையும். ஊர்ப்புற நூலகங்களிலும் இதையே செய்யலாம். ஒரு கணினியும் ஒரு அச்சுப்பொறியும் போதும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் வாரம் ஒரு நாள், பஸ் நேரம் போடுகிற பக்கத்திலேயே, சி.என்.ஆர். குறுஞ்செய்தி அனுப்பும் முறையையும் 9766899899, 15100 ஆகிய இரு எண்களையும் வெட்டி வைத்துக்கொள்ளும் அளவில் ஒரு கட்டமாகப் போடுங்கள். கீழே 16 சிறு கட்டங்களைக் காலியாக விடுங்கள். அவரவர் வழக்கின் எண்ணை அதில் எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
நீதிமன்றப் பணியில் உள்ள வழக்கறிஞர்கள், குமாஸ்தாக்கள் சிலர்,
பாளையங்கோட்டை.